காளீஸ்வரி குறைத்த கொழுப்பு

அப்பளம் என்றால் அது எண்ணெயில் நீந்தி எழுந்து வர வேண்டும் என்பது சண்முகராஜின் கட்சி. தணலில் வாட்டினாலே அப்பளம்தான் என்பது காளீஸ்வரியின் கட்சி. கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டை ஒட்டிய அந்தச் சின்ன வீட்டில், ஏழெட்டு வருஷமாக ஆட்சி நடத்தியது காளீஸ்வரியின் கட்சிதான். எதிர்க்கட்சிக்கு முணுமுணுக்க மட்டும் அனுமதி இருந்தது.

சண்முகராஜ் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தவிடும் விற்கிற வியாபாரி. மாட்டுக்கு என்ன தீனி போட்டால் பால் கூடும் என்று இடைசெவலிலிருந்து வருகிற, வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். "மாட்டுக்கு எண்ணெய்ப் பிசுக்குள்ள தீனியா அள்ளிப் போடச் சொல்லுதேன். எனக்கு வீட்டுல அது கூடக் கெடையாது வே" என்று அவர்களிடம் புலம்புவார். அவர்கள் சிரிப்பார்கள். காளீஸ்வரியின் காதுக்கு இது வராமல் இருக்காது. அவள் அசரமாட்டாள்.

அவளைக் கறாரான பொம்பளை என்று தெருவில் சொல்லுவார்கள். சொல்லுகிறவர்களுக்கு என்ன தெரியும். அவள் பிறந்தது குளத்தூருக்குப் பக்கத்தில், கரிசல் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில். மழை பெய்தால் மிளகாய்ச் செடி, காய்ந்தால் உப்பளத்துக் கூலி என்று காலத்தை ஓட்டிய குடும்பம். வீட்டுக்கு மூத்த பெண். தம்பி தங்கைகள், அய்யா, ஆத்தா எல்லாரும் சாப்பிட்டபிறகு சட்டியை வழித்து நக்குவதுதான் சாப்பாடு என்று நினைத்து வளர்ந்தவள். கல்யாணம் முடிந்து வந்த புதிதில் இங்கேயும் அப்படித்தான் அடுப்படியில் உட்கார்ந்து சட்டியை வழித்தாள். கை கழுவ வந்த சண்முகராஜ் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, அங்கன என்ன செய்யுத? எந்திரிச்சு இங்கன வா."

அன்றிலிருந்து இரண்டு தட்டு போட்டால்தான் அவர் உட்காருவார். குழம்பில் கிடக்கிற ஈரலைத் தேடி எடுத்து அவள் தட்டில் வைப்பார். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஊரில் எந்த ஆம்பளை பெண்டாட்டிக்கு ஈரல் எடுத்து வைக்கிறான் என்று கேட்டாள். சண்முகராஜ் அதற்கும் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்து வைத்தார். வயிறார உண்பது என்றால் என்ன என்று காளீஸ்வரி தெரிந்துகொண்டது அவரிடம்தான். அதற்காகவே அவள் அந்த மனுஷன் மேல் உயிரை வைத்திருந்தாள். வெளியே காட்டிக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழாம் வருஷம், மார்கழி மாதம், கடையில் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த சண்முகராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தவிட்டு மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டார். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பெரிய டாக்டர் உயிரைப் பிடித்து நிறுத்திக் கொடுத்தார். வீட்டுக்கு அனுப்புகிற அன்று ரத்தப் பரிசோதனைத் தாளைக் காளீஸ்வரியின் முன்னால் வைத்தார்.

"ரத்தத்துல கொழுப்பு முந்நூறைத் தாண்டி இருக்கும்மா. இதை இருநூறுக்குக் கீழ கொண்டு வரணும். மாத்திரை நான் கொடுக்கிறேன். சாப்பாடு உங்க கையிலதான் இருக்கு."

உங்க கையிலதான் இருக்கு என்று டாக்டர்கள் ஆயிரம் பேரிடம் சொல்வார்கள். காளீஸ்வரி அந்த ஒரு வார்த்தையை அப்படியே வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் கழுகுமலை முருகனை நினைத்து மனசுக்குள் நேர்ந்துகொண்டாள். இவியளுக்குக் கொழுப்பு இருநூறுக்குக் கீழே வந்துவிட்டால் என் முடியை உனக்கு இறக்குகிறேன் என்று. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி அவளுக்கு. உடம்பில் அவள் பெருமைப்பட்ட ஒரே பொருள் அது. அவருக்கும் அதன் மேல் ஆசை. நேர்ந்ததை அவரிடம் சொல்லவில்லை. மகள் சுகுணாவிடம் கூடச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று தடுப்பார்கள், சாமி காரியத்தில் தடை வரக் கூடாது.

மறுநாள் காலையில் அடுப்படியில் சட்டம் மாறியது. இருமல் மருந்து பாட்டிலின் மூடிதான் எண்ணெய் அளவு. ஒரு மூடிக்கு மேல் எந்தக் குழம்புக்கும் கிடையாது. தேங்காய் வீட்டுப்படி ஏறவில்லை. சட்டினி என்றால் பொரிகடலைச் சட்டினி. நெய்யும் கறியும் முட்டையின் மஞ்சளும் ஊரை விட்டே போயின. அவருக்குக் கிடையாது என்றால் தனக்கும் கிடையாது என்று அவளும் அதையேதான் தின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் முன்னால் உட்கார்ந்து தேங்காய்ச் சட்டினி தொட்டுக்கொள்ள அவளால் முடியாது.

சண்முகராஜ் லேசுப்பட்ட ஆளா. கடையிலிருந்து நாலு எட்டு வைத்தால் பரோட்டாக் கடை. எண்ணெயில் பொரித்த பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டுத் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்து, ஒரு வெற்றிலையையும் போட்டுக்கொண்டு சாது மாதிரி வீட்டுக்கு வருவார். காளீஸ்வரி சட்டைக்கை மடிப்பை மோந்து பார்ப்பாள். ஒரு நாள் நேரே பரோட்டாக் கடைக்குப் போய், "அண்ணாச்சி, இனி இவியளுக்குப் பரோட்டா போட்டா, நான் கல்லுல ஏறி உக்காந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏறினாலும் ஏறிவிடுவாள் என்று கடைக்காரர் பயந்து போனார்.

ஒரு தீபாவளிக்கு யாரோ கொடுத்த நெய் மைசூர்பாகில் ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனவரின் கையைப் பிடித்து, பாதியை ஒடித்துத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை. பாதித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கத்தான ஏட்டி சம்பாதிக்கோம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சீனி என்பவனின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவரை வெறும் வயிற்றோடு இழுத்துப் போவாள். சீனி அவளுக்குத் தம்பி முறை மாதிரி பழகிவிட்ட பையன், மருந்துக்கடை மாடியில் நாலைந்து மெஷின் வைத்து நடத்துகிறவன். தாளில் அவளுக்கு ஒரே ஒரு ஆங்கில வார்த்தையின் உருவம்தான் தெரியும். அதற்கு நேரே இருக்கிற எண்ணைப் பார்ப்பாள். இருநூற்று அறுபது. இருநூற்று நாற்பது. அடுத்த முறை மறுபடியும் இருநூற்றைம்பதுக்கு ஏறிவிடும். அன்றைக்கெல்லாம் எண்ணெய் மூடி பாதியாகும். இருநூறு என்கிற அந்தக் கோட்டை மட்டும் அவளால் தாண்ட முடியவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் மழை கொட்டியது. மழை கொட்டினால் என்ன, கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வருகிற வழக்கம் மாறாது. பத்து நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், குடம், அண்டா என்று தண்ணீரைப் பிடித்துப் பிடித்துப் பொன் மாதிரி காத்து வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீரில் கொசு குடும்பம் நடத்தியது. பகலில் கடிக்கிற கொசு. தெருவில் முதலில் ஒரு வீட்டில் காய்ச்சல், பிறகு நாலு வீட்டில். டெங்கு என்றார்கள் சிலர். மர்மக் காய்ச்சல் என்றார்கள் சிலர். சண்முகராஜுக்கும் வந்தது.

அனல் பறக்கிற காய்ச்சல். கண் முழி பின்னாலிருந்து வலிக்கிறது என்றார். இடுப்பை யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருக்கிறது என்றார். காளீஸ்வரி கஞ்சியும் ரசமுமாக வைத்துக் கொடுத்தாள். பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற டாக்டர் ராஜமணி அம்மாவிடம் காட்டினாள். அந்த அம்மா மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, காய்ச்சல் நீடித்தால் ரத்தம் பார்க்கச் சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், குளிர்ந்திருந்தது. சொன்னபடி ரத்தமும் பார்த்துவிடுவோம் என்று ஆட்டோவில் சீனியிடம் கூட்டிப் போனாள். அவருக்கு ஊசி என்றால் பயம். எப்படியும் மூன்று மாதக் கெடு வந்துவிட்டது, ஒரே குத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"சீனி, அப்படியே கொழுப்பையும் பாத்துரு."

"காச்சல்ல கெடந்தவருக்கு இப்ப எதுக்குக்கா?"

"எடுக்கதோட சேத்து எடு."

மத்தியானத்துக்கு மேல் தாளை வாங்கப் போனபோது சீனி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, நான் ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். கொழுப்பு தொண்ணூத்தெட்டுன்னு காட்டுது."

காளீஸ்வரி கையை நீட்டினாள். தாளை வாங்கிப் பார்த்தாள். அந்த வார்த்தை, அதற்கு நேரே அந்த எண். இருநூறு இல்லை, நூற்றைம்பது இல்லை, நூறுக்கும் கீழே.

"இம்புட்டு கீழ எப்படி வந்துதுன்னு தெரியலக்கா. இந்தா, கீழ இருக்க இன்னொரு கொழுப்பு ஏறியிருக்கு. டாக்டரம்மாட்ட ரெண்டையும் காட்டுங்க."

"ஏன் வராது? ஏழெட்டு வருசமா பாடாப் பட்டிருக்கேன்ல தம்பி."

அவள் முகத்தைப் பார்த்து அவனும் சிரித்துவிட்டான். அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள். அந்த மத்தியானத்தில் கோவில்பட்டியில் அவளை விடச் சந்தோஷமான மனுஷி யாரும் இருந்திருக்க முடியாது. இதை எழுதவே மனசு வரமாட்டேன் என்கிறது.

டாக்டர் ராஜமணியின் ஆஸ்பத்திரியில் வாசல் வரைக்கும் காய்ச்சல் கூட்டம். பெஞ்சில் ஆள், படியில் ஆள், ஆட்டோவுக்குள் ஆள். சீனி கொடுத்த இரண்டு தாளில், டாக்டரம்மா காய்ச்சலுக்கு எடுத்த முதல் தாளைத்தான் பார்த்தார். ரத்தத் தட்டணுக்கள் இறங்கியிருந்தன.

"உங்க வீட்டுக்காரரைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இன்னைக்கே."

"காச்சல் விட்டுட்டுல்லா டாக்டரம்மா."

"விட்டதுக்கு அப்புறந்தான் இந்தக் காய்ச்சல்ல பயமே. இங்கன வசதி இல்ல. நேரத்தைப் போக்காதீங்க."

காளீஸ்வரி இரண்டாவது தாளை நீட்டினாள். "இதையும் பாருங்க, கொழுப்பு எம்புட்டு கொறஞ்சுட்டுன்னு."

"அது இப்ப முக்கியமில்லம்மா. மொதல்ல கெளம்புங்க." டாக்டரம்மாவின் கை அதற்குள் அடுத்த குழந்தையின் நெற்றிக்குப் போய்விட்டது.

காளீஸ்வரிக்கு அது சுருக்கென்று தைத்தது. முக்கியமில்லையாம். இத்தனை வருஷம் அது ஒன்றுதான் முக்கியம் என்று ஒரு டாக்டர் சொல்லி, அதற்காக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கிடந்தவளிடம் இன்னொரு டாக்டர் அது முக்கியமில்லை என்கிறார். கூட்டத்தில் ஏதோ சொல்லுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் சண்முகராஜ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சோர்ந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"காச்சலும் விட்டுட்டு, கொழுப்பும் விட்டுட்டு. பொறவு என்னத்துக்கு ஏட்டி ஆசுவத்திரி? நாளைக்குக் கடையத் தொறக்கணும்."

"கட கெடக்கட்டும். டாக்டரம்மா சொன்னா போகத்தான செய்யணும். நாளைக்கு மத்தியானம் போவோம்."

நாளை மத்தியானம் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. நேர்ச்சை பலித்துவிட்டது. பலித்த நேர்ச்சையைத் தள்ளிப்போட்டால் சாமி கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று அவள் பிறந்த ஊரில் எல்லாரும் நம்புவார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் எத்தனை நாள் ஆகுமோ. விடிந்ததும் கழுகுமலைக்குப் போய் முடியை இறக்கிவிட்டு வந்தால் உச்சிப் பொழுதுக்குள் கிளம்பிவிடலாம். அரை நாளில் என்ன வந்துவிடப் போகிறது. கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கும் சுகுணாவுக்குப் போன் போட்டு, அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று மட்டும் சொன்னாள். மற்றதை முடியை இறக்கிவிட்டுச் சொல்லலாம் என்று வாயை அடக்கிக்கொண்டாள். பாவி, அதை மட்டும் காளீஸ்வரி அன்றைக்கே சொல்லியிருந்தால் கோயம்புத்தூரில் யாராவது ஒரு விவரம் தெரிந்தவரிடம் அந்தப் பெண் கேட்டிருக்கக் கூடும்.

பொழுது சாயும் நேரத்தில் அடுத்த வீட்டு அழகுத்தாயிடம் போய் ஒரு கிண்ணம் நீட்டினாள்.

"மதினி, கொஞ்சம் நெய் இருந்தா ஊத்துங்க."

அழகுத்தாய் கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒங்க வீட்டுக்கா? நெய்யா?"

"எங்க வீட்டுக்குத்தான்."

முறுகலாக நெய் தோசை வார்த்தாள். ஒரு முழுத் தேங்காயை உடைத்துத் துருவிக் கெட்டியாகச் சட்டினி அரைத்தாள். தேங்காய் அரைபடுகிற வாசனை அந்த வீட்டுக்கே மறந்து போயிருந்தது. இரண்டு தட்டு வைத்தாள். அவர் முதலில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். இன்னொரு விள்ளல். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

"ருசியே தெரியல ஏட்டி. வயித்த ஒரு மாதிரி பொரட்டுது. நீ சாப்பிடு."

பத்தியம் இருந்து இருந்து நாக்கே செத்துப் போய்விட்டது என்று அவள் நினைத்தாள். போகட்டும், இனி தினமும் கொடுத்துப் பழக்கிவிடலாம். அவர் வைத்த மிச்சத்தையும் சேர்த்து அவளே சாப்பிட்டாள். நெய் தோசை தேவாமிர்தமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் நெய் தோசை தின்றதே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அழகுத்தாயின் வீட்டுக்காரர் பேச்சிராஜாவிடம், "அண்ணே, இவியள அப்பப்ப எட்டிப் பாத்துக்கிடுங்க, ஒரு சோலியா கழுகுமலை வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொன்னாள். சண்முகராஜ் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வயிறு லேசாக வலிக்கிறது, வாயு பிடித்திருக்கும் என்றார்.

"எங்க ஏட்டி காலங்காத்தால?"

"வந்து சொல்லுதேன். வந்ததும் பாளையங்கோட்டைக்குக் கெளம்பணும், தயாரா இருங்க."

"சரி, போயிட்டு வா."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழையில் கரிசல் கன்னங்கரேலென்று ஊறிக் கிடந்தது. பருத்தி ஓரடி உயரத்துக்கு எழும்பி நின்றது. எல்லாமே நன்றாகத்தான் இருந்தது அவளுக்கு. கோயிலில் முடி இறக்குகிறவர் அவளுடைய கொண்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"மூணு கொத்து பூமுடி கத்தரிச்சாலும் போதும் தாயி. பொம்பளையள் நெறைய பேர் அப்படித்தான் கொடுக்காவ. இம்புட்டு முடிய எதுக்கு?"

"முழுசா நேந்துருக்கேன். முழுசா எறக்குங்க."

மடியில் கொத்துக் கொத்தாக முடி விழுந்தபோது அவளுக்குத் துக்கமே இல்லை. சந்தனத்தைக் குழைத்துத் தலையில் பூசினார்கள். ஜில்லென்று இருந்தது. முருகன் முன்னால் நின்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவளுக்கு ஒன்றும் பாக்கி இல்லை. ஒன்று கேட்டிருந்தாலும் அது காலம் கடந்த வேண்டுதலாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம். அழகுத்தாய் ஓடி வந்தாள். அவளுடைய தலையைப் பார்த்ததும் வந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கையைப் பிடித்து இழுத்தாள்.

"மதினி, அண்ணனுக்கு வயித்து வலி தாங்கல. கறுப்பா வாந்தி எடுத்துட்டாவ. எங்க வீட்டுக்காரவுக டாக்டரம்மாட்ட தூக்கிட்டுப் போயிருக்காவ. ஓடுங்க."

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வாசலில் வேன் உறுமிக்கொண்டு நின்றது. சண்முகராஜைப் படுக்க வைத்து, கையில் குளுகோஸ் ஏற்றியிருந்தார்கள். பேச்சிராஜா பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தார். டாக்டரம்மா காளீஸ்வரியைப் பார்த்தார். நேற்றே ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளை அறுத்தது.

வேன் கயத்தாறைத் தாண்டியபோது சண்முகராஜ் கண்ணைத் திறந்தார். அவருடைய கை ஈரமாக, சில்லிட்டிருந்தது. அவளையே சற்று நேரம் பார்த்தார்.

"என்ன ஏட்டி இது? தலை எங்க?"

"முருகனுக்குக் கொடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"ஒங்களுக்காவத்தான். நேந்திருந்தேன்."

சிரிக்க முயன்றார். "முட்டைக்கோசு மாதிரி இருக்க" என்றார். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் அவளிடம் பேசியது அதுதான் கடைசி. இப்படி ஒரு கேலியோடு போக அந்த மனுஷனுக்குத்தான் வரும்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள், ஏதேதோ குழாய் போட்டார்கள். சாயங்காலம் ஒரு இளவயசு டாக்டர் வெளியே வந்து, ரத்த அழுத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது, பார்க்கிறோம் என்றார். காளீஸ்வரி மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். உள்ளே இருக்கிறவர்கள் அவரைப் பழைய நெஞ்சு நோயாளி என்று கைவிட்டுவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயம்.

"டாக்டர், இவியளுக்கு முன்ன நெஞ்சுவலி வந்துச்சு. இப்ப அந்தப் பயம் இல்ல. கொழுப்பெல்லாம் நல்லா கொறஞ்சுட்டு, இதப் பாருங்க. நேத்து எடுத்தது."

டாக்டர் வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

"இதுக்கு முன்ன எவ்வளவு இருந்துச்சும்மா?"

"இருநூத்தம்பது பக்கம். மூணு மாசத்துக்கு முன்ன."

டாக்டர் அவளைப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். வயசில் சுகுணாவை விட நாலைந்துதான் கூட இருப்பார். நல்ல பிள்ளை. மெதுவாகச் சொன்னார்.

"இது நல்லதுக்குக் குறையலம்மா. இந்தக் காய்ச்சல் முத்திப் போனா ரத்தத்துல கொழுப்பு இப்படி மளமளன்னு விழுந்துரும். கொழுப்பை உண்டாக்கித் தர்றது ஈரல். கிருமி அந்த ஈரலைத் தாக்குது. ரத்தக் குழாயும் கசிய ஆரம்பிச்சிருது, அது வழியாவும் வெளியே போயிரும். இந்தா, இன்னொரு கொழுப்பு ஏறியிருக்கு பாருங்க. ஒண்ணு விழுந்து இன்னொண்ணு ஏறுச்சுன்னா உடம்பு உள்ள பெரிய சண்டையில இருக்குன்னு அர்த்தம்."

காளீஸ்வரி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் பத்தியத்துல கொறையலையா?"

டாக்டர் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"நேத்தே கொண்டாந்திருந்தா?"

"பார்த்திருக்கலாம்மா" என்றார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

அவள் தாளை மடியில் முடிந்துகொண்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டவள் போல டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொறஞ்சதுதான கெடுதல்? அப்ப திரும்ப ஏத்திருவோம் டாக்டர். என்ன கொடுக்கணும்னு சொல்லுங்க. நெய் கொடுக்கவா? தேங்காப்பால் எடுத்துட்டு வரட்டா? ஈரல்னா இவியளுக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கன எங்கயாவது அடுப்பு கெடச்சா நானே வச்சு எடுத்தாந்துருதேன். எவ்வளவு எண்ணெ வேணும்னாலும் ஊத்துதேன்."

டாக்டர் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது வாய் வழியாக எதுவும் கொடுக்க முடியாதும்மா என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை முற்பகலில் சண்முகராஜ் போய்விட்டார். நெஞ்சு நன்றாகத்தான் இருந்ததாம், கடைசி வரைக்கும் துடித்ததாம். எந்த வாசலை அவள் ஏழெட்டு வருஷமாகக் கண் கொட்டாமல் காத்து நின்றாளோ, அந்த வாசல் வழியாக ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் உடலைக் கோவில்பட்டிக்குக் கொண்டு வந்தார்கள். இடைசெவல், குளத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் சனம் வந்தது. கட்டிப்பிடித்து அழ வந்த பெண்கள் அவளுடைய மொட்டைத் தலையைக் கண்டு கை நீட்டிய நிலையிலேயே திகைத்தார்கள். தாலி கழற்றும் முன்னாலேயே இது என்ன கோலம் என்று ஒருத்தி கேட்டாள். புருஷன் சாகப் போகிறான் என்று தெரிந்து போய் மழித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று இன்னொருத்தி மூலையில் பேசினாள். வாயில்லாத இடமா, பேசத்தான் செய்வார்கள்.  காளீஸ்வரி சண்முகராஜின் கால்மாட்டில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஈ வந்து உட்காராமல் விரட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சுகுணா கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். வாசலிலிருந்தே கதறிக்கொண்டு வந்து அப்பாவின் மேல் விழுந்தாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோதுதான் அம்மாவைப் பார்த்தாள். காய்ந்த சந்தனம் இன்னும் காதோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அந்தத் தலையைத் தடவினாள்.

"எம்மா, என்னம்மா இது? எதுக்கும்மா இப்படிச் செஞ்ச?"

காளீஸ்வரி மகளை ஏறிட்டுப் பார்த்தாள். இரண்டு நாளாக மகளிடம் சொல்லாமல் அடக்கி வைத்திருந்த சேதி அவளுடைய வாயிலிருந்து தானாக வந்தது.

"அப்பாவுக்குக் கொழுப்பு கொறஞ்சுட்டு ஏட்டி" என்றாள்.